நட்டம் யார் தலையில்?
மின்னணுக் கொள்முதலில் விலைக்கு அப்பால் நடக்கும் பேரம்

பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் என்றால் விலையை அடித்துக் குறைக்கிற இடம் என்பது வெளியில் இருப்பவர்களின் எண்ணம். உள்ளே இருப்பவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போன ஆண்டு விலையிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்தாய் என்ற ஒரே கேள்வியில்தான் அவர்களுடைய சம்பள உயர்வு தொங்குகிறது. கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி தயாரிக்கும் நிறுவனங்களில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். ஒரு திறன்பேசிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில காசுகள் மிச்சமானால், கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்கு அது பெருந்தொகை.

ஆனால், இந்தத் துறையில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்த பெரிய பேரங்களை வரிசையாக எடுத்துப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அவற்றில் விலையைப் பற்றிய இழுபறி சிறு பகுதிதான். விற்பனை படுத்துவிட்டால் வாங்கிவைத்த சரக்கு யாருடையது? ஆலை தீப்பிடித்தால் இருக்கிற கொஞ்சச் சரக்கு முதலில் யாருக்கு? புதுத் தொழில்நுட்பம் கைகொடுக்காவிட்டால் போட்ட முதல் யாருக்குப் போகும்? மேசையின் இரு பக்கமும் உண்மையாக மல்லுக்கட்டுவது இவற்றுக்காகத்தான். நட்டத்தை யார் சுமப்பது என்பதே கொள்முதல் பேரத்தின் சாரம். அதை முழுவதுமாக எதிராளியின் தலையில் கட்டிவிட்டவர் வென்றவராகத் தெரிந்தாலும், பெரும்பாலும் பிறகு கையைச் சுட்டுக்கொள்கிறார்.

கொட்டேஷனுக்குள் ஒளிந்திருப்பது

முதலில் விலையையே கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். கைபேசி சார்ஜரின் பிளாஸ்டிக் மேல்மூடியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை மட்டும் எந்தத் தொழிற்பேட்டையிலும் இதுதான். மூடியின் எடை 20 கிராம். பாலிகார்பனேட் கிலோ 250 ரூபாய் என்றால் மூலப்பொருள் 5 ரூபாய். ஒரே அடியில் நான்கு மூடிகள் விழும் மோல்டு, ஒரு சுற்றுக்கு 30 விநாடி. மணிக்கு 480 மூடிகள். இயந்திரத்தின் மணி வாடகை 720 ரூபாய் என்றால் மூடிக்கு ஒன்றரை ரூபாய். கழிவுக்கு 15 காசு, பேக்கிங்குக்கும் வண்டிச் சத்தத்துக்கும் 40 காசு, நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் 85 காசு. மொத்தம் 7 ரூபாய் 90 காசு. வெண்டர் கொடுத்திருக்கும் கொட்டேஷனோ 9 ரூபாய் 50 காசு.

அனுபவமில்லாத வாங்குநர் அந்த 1 ரூபாய் 60 காசைக் கொள்ளை லாபம் என்று எடுத்துக்கொண்டு பேரத்துக்கு உட்காருவார். விவரம் தெரிந்தவர் ஆலைக்குப் போய் நின்று பார்ப்பார். இயந்திரம் 30 விநாடியில் அல்ல, 40 விநாடியில் ஓடுகிறது. மோல்டில் குளிர்நீர் ஓடும் பாதை சரியில்லாததால் பிளாஸ்டிக் இறுக நேரமாகிறது. அதனால் மூடிக்கு 50 காசு கூடுகிறது. மோல்டு, வாங்கும் நிறுவனத்தின் சொத்து என்பதால், இந்தக் கோளாறைச் சரிசெய்ய வேண்டியவரும் வாங்குநரே. அடுத்து, ஒப்பந்தத்தில் 90 நாள் கடன் என்று எழுதியிருக்கிறது. வெண்டர் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறார் என்றால், மூன்று மாத வட்டி மூடிக்கு 28 காசு. இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் நிற்பது சுமார் 80 காசு.

இந்த 80 காசு எதற்கு என்று எந்தக் கொட்டேஷனிலும் எழுதியிருக்காது. மாதம் ஒரு லட்சம் மூடி வேண்டும் என்று ஃபோர்காஸ்ட் வரும். பர்ச்சேஸ் ஆர்டர் அறுபதாயிரத்துக்குத்தான் வரும். வெண்டர் மூலப்பொருளை வாங்கிப் போட்டிருப்பார், இயந்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருப்பார். முன்பு ஒருமுறை அப்படி அடிபட்டவர் அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலை போடுகிறார். ஃபோர்காஸ்டில் எண்பது சதவீதத்தையாவது நிச்சயம் எடுத்துக்கொள்கிறோம் என்று வாங்குநர் எழுதிக்கொடுத்தால் அந்த 80 காசில் பெரும்பகுதி தானாகவே கரையும். எழுதிக்கொடுக்காமல் மிரட்டியும் அதைக் குறைக்கலாம். அப்போது பயம் போய்விடாது. வெண்டரின் கணக்கிலேயே தங்கிவிடும். தரம் குறைந்த பிளாஸ்டிக்காகவோ, அவசரத்துக்குக் கைவிரிப்பதாகவோ என்றாவது ஒரு நாள் அது திரும்பி வரும்.

விலை நிலவரம் யாருக்குத் தெரியும்?

பிளாஸ்டிக் மூடிக்கு இப்படிக் கணக்குப் போட்டு உட்காரலாம். நினைவகச் சில்லுக்கும் திரைக்கும் அது எளிதல்ல. உலகில் அவற்றைத் தயாரிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால், வாங்குகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பயனில்லை.

அப்படிப் பேசிவைத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. 1999 முதல் 2002 வரை டி-ரேம் நினைவகச் சில்லுகளின் விலையைத் தங்களுக்குள் நிர்ணயித்துக்கொண்டதாக அமெரிக்க நீதித்துறை தொடர்ந்த வழக்குகளில் இன்ஃபினியான் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர், சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் டெல், ஹெச்பி, ஆப்பிள், ஐபிஎம் எல்லாம் இருந்தன. திரைச் சந்தையிலும் இதே கதை. 2001 முதல் 2006 வரை தைவானிய, கொரியத் திரைத் தயாரிப்பாளர்கள் தைவானில் ஹோட்டல் அறைகளில் வழக்கமாகக் கூடி விலையையும் உற்பத்தி அளவையும் பேசி முடிவெடுத்தார்கள். தங்களுக்குள் அவற்றைக் கிரிஸ்டல் கூட்டங்கள் என்று அழைத்தார்கள். 2008இல் எல்ஜி, ஷார்ப், சுங்வா ஆகிய மூன்று நிறுவனங்கள் மட்டும் 58.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டன. இதில் ஷார்ப் மீதான குற்றச்சாட்டு தனி ரகம்: டெல்லின் கணினித் திரை, மோட்டோரோலாவின் ரேசர் கைபேசித் திரை, ஆப்பிளின் ஐபாட் திரை என்று குறிப்பிட்ட வாடிக்கையாளர்களுக்கான விலையிலேயே கைவைத்திருந்தது. வழக்கை நடத்திப் பார்த்த ஏயூ ஆப்ட்ரானிக்ஸுக்கு 2012இல் 50 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

அந்த ஆண்டுகளில் மேற்சொன்ன நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகள் தாங்கள் கறாராகப் பேரம் பேசியதாகவும், காலாண்டுக்குக் காலாண்டு சேமித்ததாகவும் அறிக்கை எழுதியிருப்பார்கள். அதில் பொய் ஏதும் இருந்திருக்காது. எதிர்த்தரப்பு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட எல்லைக்குள் அவர்கள் சேமித்தார்கள், அவ்வளவுதான். விலையை மட்டும் வெற்றியின் அளவுகோலாக வைத்தால் இந்த ஏமாற்றம் தெரியவே தெரியாது. இந்த அனுபவங்களுக்குப் பிறகு பெரிய வாங்குநர்கள் விலைப் பட்டியலை நம்பியிருப்பதை விட்டு, தயாரிப்புத் திறனையே கைக்குள் கொண்டுவருவதில் இறங்கினார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

பத்து நிமிடத் தீ

2000ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி நகரில் மின்கம்பியில் இடி விழுந்தது. அங்கிருந்த பிலிப்ஸ் சில்லு ஆலையில் சிறு தீ பற்றியது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சில்லு ஆலையின் சுத்த அறைக்குள் புகையும் ஈரமும் புகுந்துவிட்டன. லட்சக்கணக்கான கைபேசிகளுக்குப் போக வேண்டிய சில்லுகள் பாழாயின. அந்த ஆலையின் உற்பத்தியில் சுமார் 40 சதவீதத்தை வாங்கியவர்கள் இரண்டு பேர்: பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். ஒரு வாரம் தாமதமாகும் என்று பிலிப்ஸ் இருவருக்குமே சொன்னது.

இதற்குப் பிறகு இருவரும் நடந்துகொண்ட விதம் வணிகப் பள்ளிகளில் இன்றுவரை பாடம். நோக்கியாவில் கொள்முதல் மேலாளர் ஒருவர் செய்தியை உடனே மேலே அனுப்பினார். பெர்ட்டி கொர்ஹோனென் தலைமையில் ஒரு குழு தினமும் பிலிப்ஸைத் தொலைபேசியில் துளைத்தது. ஒரு வாரம் என்றது பல மாதங்கள் ஆகும் என்று தெரிந்ததும், தலைவர் யோர்மா ஒல்லிலா நேராகப் பிலிப்ஸின் தலைவரிடமே போய் உட்கார்ந்தார். ஐந்தோவனிலும் ஷாங்காயிலும் இருந்த பிலிப்ஸ் ஆலைகளின் காலித் திறன் நோக்கியாவுக்குத் திருப்பிவிடப்பட்டது. சில சில்லுகளை வேறு தயாரிப்பாளர்களும் செய்யும்படி நோக்கியாவின் பொறியாளர்கள் வடிவமைப்பையே மாற்றினார்கள். எரிக்சனிலோ செய்தி கீழ்மட்டத்திலேயே வாரக்கணக்கில் நின்றது. விழித்துக்கொண்டபோது மிச்சத் திறன் எல்லாம் போட்டியாளர் கைக்குப் போயிருந்தது. செலவைச் சிக்கனப்படுத்துவதற்காக மாற்று வெண்டர்களையும் அதற்கு முன்பே குறைத்திருந்தார்கள். இழந்த விற்பனை மட்டும் குறைந்தது 40 கோடி டாலர் என்று எரிக்சன் அறிவித்தது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2001இல் கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாக நடத்தும் நிலைக்கு வந்தது.

எரிக்சனின் கொள்முதல் துறை தவறான விலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே வெண்டரிடம் மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கணக்கும் சரியான கணக்குதான். அந்த மலிவுக்கு ஈடாக எந்த ஆபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டோம் என்பதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. பிற்பாடு எரிக்சன் அதைக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு உறுப்புக்கும், அதன் ஆலை நின்றுபோனால் மறுபடி சரக்கு வரத் தொடங்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்கிட்டு வகைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அதாவது, ஒரு ரூபாய் சில்லும் நூறு ரூபாய் சில்லும் விலையை வைத்து இல்லாமல், இல்லாமற்போனால் விளையும் சேதத்தை வைத்து எடைபோடப்பட்டன.

முன்பணம் என்னும் ஆயுதம்

1998 மார்ச்சில் காம்பாக்கிலிருந்து டிம் குக்கை ஆப்பிள் அழைத்துக்கொண்டபோது அவருக்குக் கிடைத்த வேலை கிடங்குகளைக் காலிசெய்வது. 1997 நிதியாண்டின் முடிவில் ஆப்பிளின் கையிருப்புச் சரக்கின் மதிப்பு 43.7 கோடி டாலர். அடுத்த ஆண்டு முடிவில் 7.8 கோடி. மின்னணுச் சரக்கு பால் மாதிரி, வைத்திருக்க வைத்திருக்க மதிப்புக் குறையும் என்பது அவருடைய பிடிவாதமான கொள்கை. கிடங்கைக் காலிசெய்வதால் சரக்குத் தேங்கும் ஆபத்து மறைந்துவிடாது. அது வெண்டரின் கிடங்குக்கு இடம் மாறுகிறது. வெண்டரும் அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஏதாவது கைம்மாறு கிடைக்க வேண்டும்.

அந்தக் கைம்மாறு என்ன என்பது 2005இல் தெரிந்தது. அந்த செப்டம்பரில் வன்தட்டுக்குப் பதிலாக ஃபிளாஷ் நினைவகத்தில் ஓடும் ஐபாட் நானோ சந்தைக்கு வந்தது. நவம்பரில் ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களோடு 2010 வரைக்குமான ஒப்பந்தங்களை ஆப்பிள் அறிவித்தது. 125 கோடி டாலரை முன்பணமாகவே கட்டுவதாகவும் சொன்னது. ஃபிளாஷ் ஆலை கட்டுவதற்குப் பெரும் முதல் வேண்டும். ஆலை எழும்பி நிற்பதற்குள் விலை சரிந்தால் போட்ட முதலுக்கே மோசம். அந்த ஆபத்தில் ஒரு பங்கை ஆப்பிள் தன் ரொக்கத்தால் வாங்கிக்கொண்டது. பதிலுக்கு, தட்டுப்பாடு வந்தால் முதலில் பரிமாறப்படும் இலை தன்னுடையது என்பதை உறுதிசெய்துகொண்டது. போட்டியாளர்கள் மறுநாள் அதே விலையையே கொடுக்க முன்வந்திருந்தாலும் அதே அளவு சரக்கு கிடைத்திருக்காது.

இதிலுள்ள நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். பணம் யாரிடம் மலிவாகக் கிடைக்கிறதோ அவர் பணத்தின் சுமையை எடுத்துக்கொள்கிறார். ஆலையை ஓட்டும் திறமை யாரிடம் இருக்கிறதோ அவர் உற்பத்தியின் சுமையை எடுத்துக்கொள்கிறார். ஐந்து பேரோடு ஒப்பந்தம் என்பதால் ஒருவர் சறுக்கினாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். கொள்முதல் வரலாற்றில் இது நல்ல பேரத்துக்கு ஒரு முன்மாதிரி. இதே ஆயுதத்தை இதே நிறுவனம் எட்டாண்டுகள் கழித்து வேறுமாதிரி வீசியபோது என்ன ஆயிற்று என்பதும் அதே அளவுக்குப் பாடமானது.

நீலக்கல் ஒப்பந்தம்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸ், செயற்கை நீலக்கல் படிகம் வளர்க்கும் உலைகளைச் செய்து விற்றுவந்த நிறுவனம். உலை விற்றுப் பழக்கமே தவிர, தானே பெருமளவில் படிகம் வளர்த்து விற்ற அனுபவம் அதற்கு இல்லை. கீறல் விழாத கைபேசித் திரைக்கு நீலக்கல் வேண்டும் என்று ஆப்பிள் அணுகியது. முதலில் உலைகளை ஆப்பிளே வாங்குவதாகப் பேச்சு. பேரம் முடிந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் ஆலைக் கட்டடம் ஆப்பிளுடையது. 2,000க்கும் மேற்பட்ட உலைகளும், அவற்றை ஓட்டும் பொறுப்பும், படிகம் சரியாக வராவிட்டால் வரும் நட்டமும் ஜிடியுடையவை. 57.8 கோடி டாலர் நான்கு தவணைகளில் முன்பணமாக வரும். அதை 2015 முதல் ஐந்தாண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். 2013 அக்டோபர் 31 அன்று கையெழுத்தானது.

திவால் மனுவோடு தாக்கலான ஆவணங்களில் ஷரத்துகள் வெளியே வந்தன. ஜிடி கேட்ட அளவு உற்பத்தி செய்தே ஆக வேண்டும். ஆப்பிள் இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நுகர்வோர் மின்னணுத் துறையில் வேறு யாருக்கும் ஜிடி நீலக்கல் விற்கக் கூடாது. ரகசியத்தை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 5 கோடி டாலர் அபராதம். மற்ற வெண்டர்கள் எல்லோரும் இப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், இதில் பேச ஒன்றும் இல்லை என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக ஜிடியின் செயலாக்கத் தலைவர் தன் வாக்குமூலத்தில் கூறியிருந்தார். 262 கிலோ எடையுள்ள படிகக் கட்டிகளை வளர்க்கும் முயற்சி எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. பல கட்டிகள் பயன்படுத்தும் தரத்தில் வரவில்லை. மூன்று தவணைகளில் 43.9 கோடி டாலர் கொடுத்த ஆப்பிள் கடைசித் தவணையை நிறுத்திவைத்தது. 2014 செப்டம்பர் 9 அன்று அறிமுகமான ஐபோன் 6இல் நீலக்கல் திரை இல்லை. அக்டோபர் 6 அன்று ஜிடி திவால் மனு போட்டது. ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறக்குறைய 90 சதவீதம் சரிந்தது. மேசாவில் சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள்.

பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை நசுக்கியது என்று இதைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆனால் ஜிடியின் நிர்வாகத்தை யாரும் துப்பாக்கி முனையில் கையெழுத்துப் போட வைக்கவில்லை. நிலைமையை முதலீட்டாளர்களிடம் மறைத்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019இல் அந்நிறுவனத்தின் மீதும் அதன் முன்னாள் தலைவர் மீதும் நடவடிக்கை எடுத்தது. பேராசை மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்தது. வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம். காகிதத்தில் ஆப்பிள் ஒரு சுமையைக்கூடத் தன்பக்கம் வைத்துக்கொள்ளவில்லை. விளைவாக, விரும்பிய திரை வரவில்லை; கொடுத்த பணம் திவால் நீதிமன்றத்தில் சிக்கியது; நம்பியிருந்த வெண்டரே இல்லாமற்போனார். படிகம் வளர்ப்பதில் இருந்த நிச்சயமின்மை யாராலும் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாதது. அதைத் தாங்கும் வலு இல்லாத ஒருவர் மீது முழுவதுமாக ஏற்றிவைத்தால் அவர் முறிவார். முறிந்தவரிடம் அபராதம் வசூலிக்க எந்த ஷரத்தும் உதவாது.

வாங்குபவர் பணிந்த கதை

இதே ஆப்பிள் எல்லா மேசையிலும் ஓங்கிய கையோடு உட்காரவில்லை. கைபேசியைக் கோபுரத்தோடு பேசவைக்கும் மோடம் சில்லிலும் அது சார்ந்த காப்புரிமைகளிலும் குவால்காமின் பிடி இறுக்கமானது. சில்லுக்குத் தனி விலை, காப்புரிமைக்குக் கைபேசியின் விலையில் குறிப்பிட்ட சதவீதம் என்ற அதன் முறையை எதிர்த்து 2017 ஜனவரியில் ஆப்பிள் வழக்குப் போட்டது. இதற்கு ஆயத்தமாக 2016இலேயே சில ஐபோன்களில் இன்டெல் மோடத்தைப் போட ஆரம்பித்தது; 2018இன் புதிய ஐபோன்கள் முழுக்க இன்டெல் மோடத்தோடு வந்தன. மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவது என்ற பாடப்புத்தக உத்திதான்.

உத்தி சரியாக இருந்தும் மாற்று வழி சொதப்பியது. 5ஜி நெருங்கியபோது இன்டெல்லால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 16 அன்று ஆப்பிளும் குவால்காமும் எல்லா வழக்குகளையும் முடித்துக்கொண்டன. ஆறு ஆண்டு உரிம ஒப்பந்தம், மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கும் வாய்ப்பு, பல ஆண்டு சில்லு வழங்கும் ஒப்பந்தம் எல்லாம் கையெழுத்தாயின. இந்தச் சமரசத்தால் மட்டும் குவால்காம் ஒரே காலாண்டில் 450 கோடி டாலருக்கு மேல் வருவாய் காட்டியது. அதே நாளில் கைபேசிக்கான 5ஜி மோடத் தொழிலிலிருந்து விலகுவதாக இன்டெல் அறிவித்தது. மூன்று மாதம் கழித்து இன்டெல்லின் அந்தப் பிரிவை 100 கோடி டாலருக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டது. அதன் சொந்த மோடம் 2025 பிப்ரவரியில்தான், ஐபோன் 16ஈயில், வெளிவந்தது. மாற்று வெண்டர் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதும், அந்த வெண்டரால் நாளைக்கே சரக்குத் தர முடிவதும் வேறு வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பேரம் பேசியவர்கள் பின்னது தேவைப்படும் நாளில் தடுமாறுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வரை

சுமை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையைத் திறந்தபோது சால்காம்ப், ஃபாக்ஸ்கான், பெர்லோஸ் போன்ற வெண்டர்களும் அதன் வளாகத்திலேயே வந்து அமர்ந்தார்கள். சார்ஜரும் மூடியும் பக்கத்து ஆலையிலிருந்தே வரும். லாரி நாள்கணக்கில் ஓட வேண்டாம். கொள்முதல் கோணத்தில் பார்த்தால் அற்புதமான ஏற்பாடு. வெண்டர்கள் கோணத்தில் பார்த்தால், ஒரே வாங்குநரை நம்பிக் கூரை போட்டிருந்தார்கள். ஆல்புகெர்க்கியில் எரிக்சனுக்கு இருந்த ஒற்றை நம்பிக்கையின் மறுபக்கம் இது.

நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, இந்திய அரசுடனான வரித் தகராறால் சென்னை ஆலை மட்டும் கைமாறவில்லை. மைக்ரோசாஃப்ட்டுக்காகச் செய்துகொடுத்த ஒப்பந்தமும் முடிந்தது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அடுத்த மாதமே ஃபாக்ஸ்கானின் அங்கிருந்த பிரிவும் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், வேலையை இழந்து ஊர் திரும்பினார்கள். பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த அந்த ஆலையைச் சால்காம்ப் வாங்குவதாக 2019இல் அறிவிப்பு வந்தது. அதற்குள் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஒப்பந்தத்தோடு மறுபடி ஸ்ரீபெரும்புதூரில் காலூன்றியிருந்தது.

மேலே சில காசுகளுக்காக நடக்கும் இழுபறி கீழே எப்படி இறங்குகிறது என்பதற்கு 2021 டிசம்பர் ஓர் எடுத்துக்காட்டு. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த, ஒப்பந்ததாரர் நடத்திய விடுதி ஒன்றில் கெட்ட உணவு சாப்பிட்டு 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கோபமடைந்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது, விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தங்கள் தரநிலைக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை திரும்ப ஓடத் தொடங்கியது ஜனவரியில்தான். சாப்பாட்டுச் செலவு எந்தக் கைபேசியின் உறுப்புப் பட்டியலிலும் ஒரு வரியாக இடம்பெறுவதில்லை. பட்டியலில் இல்லாத செலவில் கைவைப்பதுதான் நெருக்கப்பட்டவருக்கு எளிது. அதன் நட்டம் வாரக்கணக்கில் நின்றுபோன உற்பத்தியாகப் பட்டியலின் உச்சியில் இருப்பவரிடமே திரும்பி வந்தது.

பெரிய ஒப்பந்ததாரர்களுக்கும் கீழே அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு மிகப் பெரிய சுமை நாள் கடன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆனால் வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் சட்டம் பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவு கணக்கை மாற்றியது. கெடுவுக்குள் தராத தொகையை, அதை உண்மையாகக் கட்டும் ஆண்டில்தான் செலவாகக் காட்டிக் கழிக்க முடியும். பெரிய வாங்குநர்கள் இந்தப் பிரிவுக்குள் வராத நடுத்தர நிறுவனங்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்ற அச்சம் சிறு தொழில்முனைவோரிடம் எழுந்தது. அந்த அச்சமே, கடன் நாள் என்பது விலையின் இன்னொரு பெயர் என்பதற்குப் போதிய சான்று.

எதை அளப்பது?

மின்னணு உறுப்புத் தயாரிப்பை ஊக்குவிக்க 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு ஒரு திட்டத்தை அறிவித்தது. கைபேசியை ஒன்றுசேர்க்கும் இடமாக இருந்த தமிழ்நாடு, அதன் உறுப்புகளைச் செய்யும் இடமாகவும் மாற வேண்டும் என்பது நோக்கம். அப்படி மாறினால், இங்குள்ள நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் உலகின் மிகக் கறாரான கொள்முதல் மேசைகளின் எதிரில் முதன்முறையாக உட்காரப் போகின்றன. அவர்கள் விலையில் விட்டுக்கொடுக்கலாம். ஃபோர்காஸ்டில் எத்தனை சதவீதம் கட்டாயம், மோல்டு பழுதானால் யார் செலவு, ஆர்டர் ரத்தானால் வாங்கிப்போட்ட மூலப்பொருள் யாருடையது, பணம் எத்தனையாவது நாள் வரும் என்ற நான்கில் விட்டுக்கொடுத்தால் எழுந்திருக்க முடியாது.

வாங்கும் பக்கத்துக்கும் இதே நான்குதான் அளவுகோல். எந்த ஆபத்தை யாரால் கட்டுப்படுத்த முடியுமோ அவரிடம் அதை விடுவது. யாராலும் கட்டுப்படுத்த முடியாததைத் தாங்கும் வலுவுக்கேற்பப் பங்கிடுவது. 2005இன் ஃபிளாஷ் ஒப்பந்தத்துக்கும் 2013இன் நீலக்கல் ஒப்பந்தத்துக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவுதான். இரண்டிலும் வாங்கியவர் ஒருவரே, முன்பணமும் உண்டு. முதலாவதில் சுமை பகிரப்பட்டது, இரண்டாவதில் தள்ளிவிடப்பட்டது.

ஆகவே, கொள்முதல் அதிகாரியின் ஆண்டு மதிப்பீட்டில் விலைக்குறைப்புச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: நெருக்கடியில் வெண்டர் எத்தனை நாளில் சரக்கை மீட்டார், கொடுத்த ஃபோர்காஸ்டுக்கும் எடுத்த சரக்குக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை பில்கள் கெடுவுக்குள் கட்டப்பட்டன. இந்த மூன்றும் எல்லா நிறுவனங்களின் கணினியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. மதிப்பீட்டுத் தாளில் ஏற்றினால் போதும், பேரத்தின் போக்கு ஒரே ஆண்டில் மாறும்.